ஆள் வந்து சொல்லட்டும்

என் அக்கா செல்வாம்பாள் செத்தபோது அவள் உடம்பின்மேல் கோடி போட்டிருக்க வேண்டியவன் நான். எங்கள் ஜனத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வரவேண்டும். கூடப் பிறந்தவன் தன் கையால் அதைப் போர்த்திய பிறகுதான் பாடையில் வைப்பார்கள். அந்தச் சேலைதான் கோடி. அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் நான் சொல்லும் காரணத்துக்கு முதலியார்பேட்டையில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். சிரிப்பவனையாவது நாலு வார்த்தை திட்டிவிடலாம். தலையைத் திருப்பிக்கொள்கிறவனை என்ன செய்வது?

என் பெயர் தணிகாசலம். வயது ஐம்பத்தொன்பது. இருபத்திரண்டு வருஷம் மில்லில் தறி ஓட்டினேன். புது மிஷின் வந்தது. எட்டு ஆள் நின்ற இடத்தில் ஒரு ஆள் போதும் என்றார்கள். வெளியே வந்த ஏழு பேரில் நானும் ஒருத்தன். அன்றிலிருந்து பித்தானை அழுத்தினால் வேலை செய்கிற எதைக் கண்டாலும் எனக்கு வயிறு எரியும். பிழைப்புக்குப் பெரிய மார்க்கெட்டில் வாழை இலைக் கடை போட்டேன். பக்கத்துக் கடை முருகையன் செல்போனிலேயே ஆர்டர் எடுப்பார். வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நூறு தலவாழை, அம்பது டிபன் எலை, ஆறு மணிக்கா, சரிங்க சரிங்க" என்று கும்பிடுவார். பார்க்கச் சகிக்காது. எனக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி அவர் நச்சரிக்காத நாளில்லை.

"எனக்கு எதுக்குய்யா அந்தச் சனியன்? ஒம்போது மணிக்கு லாரி வந்து எலைக்கட்டு எறங்கும்போது நான் இங்க இருக்கேன். வெளக்கு வெக்கற வரைக்கும் இங்கதான் இருக்கேன். என்னைத் தேடறவன் கால்ல நடந்து வரட்டும்" என்பேன்.

அது வெறும் வாய்ச் சவடால் இல்லை. என் மனைவி கமலாவை எரித்துவிட்டு வந்த நாலாம் நாளே கடை திறந்தவன் நான். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவள் போன பிறகு அந்த வீட்டுக்குள் நுழையவே பிடிக்காமல் நாலு தெரு தள்ளி ஒற்றை அறைக்குக் குடிபோனேன். அந்த அறை எங்கே இருக்கிறது என்று மார்க்கெட்டிலோ அக்கா வீட்டிலோ யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வந்ததில்லை. எனக்கு விலாசம் என்றால் கடைதான்.

மிஷின்மேல் எனக்கு இருந்தது கோபம். போன்மேல் இருந்தது பயம். இரண்டும் வேறு வேறு. அந்தப் பயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். அப்போது எங்கள் தெருமுனையில் கிருஷ்ணசாமி எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. ஒரு நாள் காலையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். காபி குடிக்க உள்ளே போனார். மணி அடித்தது. சரி, நாம்தான் எடுப்போமே என்று எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு பொம்பளை அழுகிறாள். "தம்பி... மாமா போயிட்டாருடா... ஒடனே கெளம்பி வாடா..." அவ்வளவுதான். அறுந்துவிட்டது.

எனக்கு இருந்தது ஒரே மாமா. அக்கா புருஷன் சக்கரபாணி. காலாப்பட்டில் இருந்தார். அழுகிற குரலில் யார் என்று எங்கே தெரிகிறது? அக்காதான் என்று நினைத்துவிட்டேன். ஆள் உயர மாலை வாங்கினேன். ஒரு வேன் பிடித்தேன். கமலாவும் தெருப் பெண்கள் பத்துப் பேரும் ஏறிக்கொண்டார்கள். காலாப்பட்டில் தெரு திரும்பும்போதே எல்லாரும் மாரடித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினேன். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மாமா இட்லி தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்னிக் கையோடு எழுந்தார்.

"அய்யய்யோ, யாருடா செத்தது?" என்று என்னையே கேட்டார்.

இதைச் சொன்னால் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உள்ளேயிருந்து வந்த அக்கா சிரிக்கவில்லை. மாலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உசுரோட இருக்கற மனுஷனுக்கு மாலை வாங்கியாந்திருக்கியேடா பாவி! எவ சொன்னாடா உனக்கு?" என்று கத்திக்கொண்டே மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அவர்மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். எவளோ ஒருத்தி நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டாள். எவளுடைய மாமாவோ செத்தார். யார் என்று இன்றுவரை தெரியாது.

ஆறு மாசம் கழித்து, ஆடியில், மாமா குளிக்கப் போன இடத்தில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. அந்தச் சாவை ஒரு ஆள் வந்து சொன்னார். மாமாவின் பங்காளி சாமிக்கண்ணு. காலாப்பட்டிலிருந்து பஸ் ஏறி மார்க்கெட்டுக்கு வந்து, கடைக்கு முன்னால் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார். பிணத்தைக் கண்ணால் பார்த்தவன் வந்து சொல்லுவதுதான் எங்கள் வழக்கம். சொல்லிவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பி நடந்துவிட வேண்டும். அப்படித்தான் நடந்தார். இந்த முறை நான் வாங்கிய மாலைக்கு வேலை இருந்தது.

யாரும் என் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பந்தலில் பெண்கள் பேசியது காதில் விழுந்தது. "மொதல்லியே மாலை வந்த வீடாச்சே, சும்மா வுடுமா?" அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பதினாறாம் நாள் முடிந்து நான் கிளம்பும்போது என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, இனிமே எவன் செத்தான்னு போன் வந்தாலும் நம்பாத. கண்ணால பார்த்தேன்னு ஆள் வந்து சொல்லணும். அப்பதான் கெளம்பணும். என் தல மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மாமாவை நான்தான் கொன்றேன் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லுங்கள். எனக்குத் தோன்றியதைத்தான் நான் சொல்ல முடியும்.

அதற்கப்புறம் சில வருஷத்தில் ஊரே மாறிவிட்டது. எவன் கையைப் பார்த்தாலும் ஒரு டப்பா. கல்யாணத்தைப் போனில் சொல்கிறான், சாவைப் போனில் சொல்கிறான். அக்கா மகன் இளஞ்செழியனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. காலாப்பட்டிலேயே மாடி வைத்து வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்குத் தாய்மாமனை எப்படிக் கூப்பிட்டான் தெரியுமா? என் பக்கத்து அறையில் தன் அம்மாவோடு இருக்கும் பெண் சரிதா, நேரு வீதியில் துணிக்கடையில் வேலை செய்கிறவள், அவளுடைய செல்போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அந்த நம்பரை அக்கா என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். சரிதா வந்து என் முன்னால் நின்று, "வரும் ஞாயிறு புதுமனை புகுவிழா, மாமா அவசியம் வரவும்" என்று படித்துக் காட்டினாள். வெற்றிலை பாக்குத் தட்டு இல்லை, ஒரு பூ இல்லை, வாசலில் ஒரு கால் இல்லை. நான் போகவில்லை. மாமன் சீர் இல்லாமலே பால் காய்ச்சினார்கள்.

மறுவாரம் அவன் கடைக்கு வந்து குதித்தான்.

"ஐந்நூறு பேரு மாமா. ஒவ்வொரு வாசலா ஏறி எறங்க எனக்கு எங்க நேரம்? எல்லாரும் வந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் வரல. அம்மா அழுதுக்கினே பால் காய்ச்சுனாங்க. ஒரு போன் வாங்கி வெச்சிக்கினா கொறைஞ்சா பூடுவீங்க?"

"ஐந்நூறு பேருல ஒருத்தனாடா நான்? தாய்மாமன்டா! போடா, உன் மெசேஜைக் கொண்டுபோய் நாக்கு வழி!"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சிவந்து போய்விட்டான். அதோடு எங்களுக்குள் பேச்சு அறுந்தது. அக்காதான் மாசம் ஒரு தரம் பஸ் ஏறி வந்து, இலைக்கட்டுமேல் உட்கார்ந்து என்னோடு பேசிவிட்டுப் போவாள். எனக்கு நாலு வயசில் அம்மா செத்தாள். அக்காவுக்கு அப்போது பதினொன்று. அவள் இடுப்பில்தான் நான் வளர்ந்தேன். எனக்கு அம்மா என்றால் அவள் முகம்தான் வரும், வேறு முகம் வராது.

இரண்டாயிரத்து ஏழில் அவளுக்கு இதயம் வீங்கிவிட்டது என்றார்கள். கோரிமேட்டில் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். பத்தாம் நாள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செழியன் இல்லாத நேரமாகப் பார்த்துக் காலாப்பட்டு போனேன். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"டேய் தம்பி, எனக்குக் கோடி வெள்ளையா எடுத்தாந்துடாதடா. தாலி அறுத்தவன்னு வெள்ளையாதான் எடுப்பீங்க. எனக்கு மாம்பழக் கலர்ல வேணும்."

"சும்மா இருக்கா நீ. உனக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆவுது ஆவல, நீ எடுத்து வெச்சிடு. உன் கையால போத்துனாதான் நான் இந்த வாசலை வுட்டு எறங்குவேன். அம்மா வூட்டுலேந்து எனக்குன்னு வர்றது அது ஒண்ணுதானேடா."

"போத்தறேன்க்கா" என்றேன். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

மறுநாளே சேலை எடுத்தேன். மாம்பழக் கலர், அரக்குக் கரை. உயிரோடு இருப்பவளுக்குக் கோடி வாங்குகிறோமே என்று கடை வாசலிலேயே திரும்பிவிடப் பார்த்தேன். அவளே கேட்டாள், அதனால் பாவமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்தித்தாளில் சுற்றி டிரங்குப் பெட்டிமேல் வைத்தேன். பார்க்கக்கூடாது என்று அதன்மேல் ஒரு துண்டைப் போட்டேன்.

ஐப்பசி மாசம், புதன்கிழமை, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. காலை எட்டரை மணி இருக்கும். கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். சரிதா ஓடிவந்தாள். கையில் செல்போன். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"பெரியப்பா, காலாப்பட்டுலேந்து உங்க அக்கா பையன். பேசுங்க."

நான் பின்னால் நகர்ந்தேன். "என்னவா இருந்தாலும் ஆள் வந்து சொல்லட்டும்."

"பெரியப்பா, அவரு அழுவுறாரு..."

"சொல்லாத! நீ ஒண்ணும் சொல்லாத! ஆள் அனுப்பச் சொல்லு!"

அந்த டப்பாவுக்குள்ளிருந்து "மாமா... மாமா..." என்று சின்னதாகக் குரல் வந்துகொண்டிருந்தது. எனக்கு நன்றாகவே கேட்டது. ஐம்பத்தொன்பது வயசு ஆம்பளை, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றேன். சரிதா வேறு வழியில்லாமல் போனில் சொன்னாள், "அண்ணா, ஆள் அனுப்பச் சொல்றாருண்ணா." செழியன் போனை வைத்துவிட்டான்.

சரிதா அழுதாள். திட்டவும் திட்டினாள். "நீங்கள்லாம் மனுஷனா பெரியப்பா? அவரப் பெத்த அம்மா..." என்று ஆரம்பித்து, நான் கையெடுத்துக் கும்பிட்டதும் நிறுத்திக்கொண்டாள். "எனக்கு நேரமாவுது. கடைக்குள்ள போன எடுக்க வுடமாட்டாங்க, பையிலியே வெச்சிப் பூட்டிடுவாங்க. நீங்க பஸ் ஏறுங்க பெரியப்பா. உங்க கால்ல வுழறேன்." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் பஸ் ஏறவில்லை. நேரே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆயிரம் தரம் நானே கேட்டுக்கொண்டாயிற்று. கோடியை எடுத்துக்கொண்டு போய், அவள் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால்? "அக்கா, உன் சேலை" என்று நீட்டுவேனா? ஒரு முறை அப்படிப் போய்த்தான் ஒரு உயிரை அனுப்பினேன். சரி, கோடி இல்லாமல் வெறுங்கையோடு போனால்? அவள் செத்துக் கிடந்தால், பிறந்த வீட்டான் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான் என்று ஆகும். இப்படியெல்லாம் யோசித்தேன். இதெல்லாம் உண்மைதான். இன்னொன்றும் உண்மை. அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பையன்மேல் வீம்பு. அன்றைக்குத்தான் தாய்மாமனை மெசேஜில் கூப்பிட்டாய். இன்றைக்காவது என் வாசலுக்கு ஒரு ஆளை அனுப்பிப் பாரேன், குறைந்தா போய்விடுவாய்? செத்தது என் அக்கா என்று உள்மனசுக்குத் தெரிந்த நேரத்திலும் இந்த எண்ணம் எனக்கு வந்தது. தூ!

கடைக்குப் போக மனசு வரவில்லை. அக்காவைப் பற்றி இப்படி ஒரு போன் வந்த பிறகு இலை விற்றுக்கொண்டு உட்காருவேனா? குளித்தேன். வெள்ளை வேட்டி கட்டினேன். பெட்டிமேலிருந்த பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆள் வந்து வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் நான் எழுந்து நடக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஏற்பாடு. காலாப்பட்டிலிருந்து பஸ் ஒரு மணி நேரம். பத்து, பத்தரைக்குள் வந்துவிடும்.

பத்தாயிற்று. தெருவில் வந்த ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்தேன். கேஸ் சிலிண்டர்காரன் வந்தான். பால் பாக்கெட் பாக்கி கேட்க ஒருத்தி வந்தாள். குடை பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் தெருமுனையில் திரும்பினார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவர் எதிர்வீட்டுக்குள் போனார். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று.

பன்னிரண்டு மணிக்கு எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் வந்தது. பிணம் விழுந்த வீடாக இருந்தால் இந்நேரம் ஆள் வந்திருக்கும். வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூச்சு வாங்கியிருக்கும், பையன் பயந்து போன் போட்டிருப்பான், இப்போது சரியாகியிருக்கும். அக்கா கண்ணைத் திறந்து, "தம்பி வந்தானா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ரெண்டு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்போம். இப்படி நினைத்துக்கொண்டு, காலையில் வாங்கிய பன்னைத் தண்ணீரில் தொட்டுத் தின்றேன். அவளை எடுக்காமல் எனக்காக வைத்திருந்த நேரம் அது. நான் பன் தின்றேன்.

ஒன்றரைக்குமேல் நாற்காலியில் இருக்க முடியவில்லை. ரெண்டரைக்கு எழுந்தேன். சத்தியமாவது மண்ணாவது என்று பொட்டலத்தை ஒரு மஞ்சப்பையில் போட்டேன். அவள் உயிரோடு இருந்தால் பையை வெளியிலேயே வைத்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்துகொண்டேன். இந்தச் சின்ன யோசனை காலையில் ஏன் எனக்கு வரவில்லை என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் காலாப்பட்டு பஸ் கிளம்பி நிற்கும்போதே ஏறினேன். மழையில் நகர்ந்து நகர்ந்து போனது. வழியெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே போனேன், பாவம் அந்த ஆள் என்ன செய்வான்.

இறங்கும்போது நாலே கால். மெயின் ரோட்டிலேயே சாமந்தி இதழும் பொரியும் கிடந்தன. சேற்றில் மிதிபட்டு, தெருவுக்குள் வரிசையாகப் போயிற்று. அதன்மேல் நடந்துதான் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

வாசல் கழுவிவிட்டிருந்தது. பெண்கள் தலைகுளித்து ஈரக் கூந்தலோடு நின்றார்கள். இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செழியன் மொட்டை அடித்து ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"அக்கா எங்கடா?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு எடுத்துட்டோம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்னுடைய புத்தி அப்படி. "ஒரு ஆள் அனுப்பியிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனாடா? ஒரே ஒரு ஆள்!"

"அனுப்புனேன் மாமா."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க கேட்டீங்கன்னு போன வெச்ச ஒடனே அனுப்பிட்டேன். பையன் ஒருத்தன பைக்ல அனுப்பறேன்னேன். சாமிக்கண்ணு பெரியப்பாதான், 'சின்னப் பசங்க போனா அவன் மொறச்சிக்குவான், நான் போய்ச் சொன்னாதான் மொறை'ன்னு அவரே பஸ் ஏறுனாரு. அவருகிட்டயும் போன் கெடையாது. ரெண்டு மணிக்கு எடுக்கறதா இருந்துச்சி. நீங்க வருவீங்கன்னு மூணு வரைக்கும் தள்ளுனேன். சரிதாவுக்குப் பத்து வாட்டி போட்டேன், யாரும் எடுக்கல. அவரு வந்து சொல்லியும் நீங்க அசையல, அவரு உங்ககிட்ட கெஞ்சிக்கினு நிக்கறாருன்னு நெனச்சிக்கினோம். மழை வேற. பெரியவங்க இனிமே தாங்காதுன்னுட்டாங்க."

"என்கிட்ட யாரும் வரலடா. காலைலேந்து வாசல்லதான்டா உக்காந்திருந்தேன். வீட்டை வுட்டு நகரவே இல்லடா."

"வீட்டுலயா?" என்று நிமிர்ந்து பார்த்தான். "நீங்க கடைக்குப் போவலயா?"

நாற்காலி அடுக்குகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"கோடி?" என்றேன்.

"நானே ஒண்ணு வாங்கிப் போத்துனேன். கூடப் பொறந்தவன் இல்லாத பொம்பளைக்கு அப்படித்தான் செய்வாங்களாம்."

"என்ன கலருடா?"

"வெள்ளைதான் மாமா."

கழுவின வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஐம்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். என்னை இடுப்பில் சுமந்தவளை அண்ணன் தம்பி இல்லாதவளாக அனுப்பிவிட்டேன்.

அப்போது தெருமுனையில் சாமிக்கண்ணு வந்தார். எழுபது வயசு. முழுக்க நனைந்து, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"உன் கடையிலதான்ப்பா இருந்தேன். பத்து மணிலேந்து. எலைக்கட்டு எறக்கி வெச்சிருந்துச்சி, நீ இல்ல. பக்கத்துக் கடைக்காரரு, தணிகாசலம் வராத நாளே கெடையாது, இதோ வந்துடுவாரு, குந்துங்கன்னாரு. வந்துடுவ வந்துடுவன்னு குந்திக்கினே இருந்தேன். உன் வீடு எங்கன்னு எவனுக்கும் தெரியல. உனக்குப் போட ஒரு நம்பரும் இல்ல. செழியன் நம்பரும் எனக்கு மனப்பாடம் கெடையாது. டீ வாங்கிக் குடுத்தாங்க. சேதி சொல்லாம நான் எப்படிப்பா வாயில தண்ணி ஊத்துவேன்? மூணு மணிக்கு, சரி, அவன் வேற எப்படியோ தெரிஞ்சிக்கினு போயிருப்பான்னு கெளம்பிட்டேன்."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்தார். கழுவின வாசலைப் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"வுடுங்க பெரியப்பா, அவருக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றான் செழியன்.

"இல்லடா. ஏத்துக்கினு போன சேதி. சொல்லித்தான் ஆவணும்" என்றார். எனக்கு முன்னால் வந்து நேராக நின்றார்.

"தணிகாசலம், உன் அக்கா செல்வாம்பாள் காலைல எட்டு மணிக்குப் போயிட்டாப்பா. நான் கண்ணால பார்த்தேன். கோடி எடுத்துக்கினு வந்து சேரு."

மஞ்சப்பையை மார்போடு கட்டிக்கொண்டு, "அக்கா" என்று கத்தினேன். சாமிக்கண்ணு போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பி உள்ளே போய், குடிக்கத் தண்ணீர் கேட்டார்.